இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்: இரைச்சலை மேடையேற்றிய பெர்லின் குழு

பெர்லினில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கும் சொற்கள் இரண்டு: ஆல்ட்பௌ, நொய்பௌ. பழைய கட்டடம், புதுக் கட்டடம். உயரமான கூரையும் மரத்தளமும் கனத்த சுவரும் கொண்ட, போருக்கு முந்தைய வீடு ஆல்ட்பௌ. குண்டுவீச்சில் பாதி அழிந்த நகரத்தில் 1945க்குப் பிறகு கான்கிரீட்டால் அவசரமாக எழுப்பப்பட்டது நொய்பௌ. போரை மறந்துவிட்டோம், முன்னேறிவிட்டோம் என்று மேற்கு ஜெர்மனி தனக்குத் தானே சொல்லிக்கொண்டதன் அடையாளம் அந்தப் புதுக் கட்டடம்.

1980 ஏப்ரல் 1 அன்று மேற்கு பெர்லினில் மூன் என்ற கிளப்பில் நான்கு இளைஞர்கள் மேடையேறினார்கள். அவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்திருந்த பெயர் ஐன்ஷ்ட்யூர்ட்சென்டே நொய்பௌடன். 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருள். சரியாக ஐம்பது நாள் கழித்து, மே 21 அன்று, அதே நகரத்தின் மாநாட்டு மண்டபத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஒருவர் உயிரிழந்தார். 1957இல் அமெரிக்கா பரிசாகக் கட்டிக்கொடுத்த கட்டடம் அது. வளைந்த கூரையைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் 'கர்ப்பிணிச் சிப்பி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். புதிய ஜெர்மனியின் முகமாக அஞ்சலட்டைகளில் இருந்த இடம். யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத ஒரு பங்க் (முரட்டு ராக் இசை) குழுவின் பெயர் ஒரே நாளில் தீர்க்கதரிசனம் போல ஆகிவிட்டது.

அந்தத் தற்செயல் அவர்களைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வரும். அதோடு சேர்ந்து ஒரு சித்திரமும் வரும்: துளைப்பான்களையும் ரம்பங்களையும் தூக்கிக்கொண்டு மேடையை உடைத்த முரட்டுப் பையன்கள். அந்தச் சித்திரம் பொய்யில்லை, ஆனால் மிகவும் குறைபட்டது. நாற்பது ஆண்டுக்கும் மேலான அவர்களின் பயணத்தைத் தொடர்ந்து கேட்டு வந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: அவர்களுடைய தொழில் கேட்பது. ஒரு பொருளை அடித்தால் அது என்ன சொல்கிறது என்று காது கொடுப்பது. அவர்களுடைய நாடகத்தன்மையும் முகப்பூச்சிலோ உடையிலோ இல்லை. ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்வையாளர் கண்ணெதிரே காட்டுவதில் இருக்கிறது. ஒருவன் குனிந்து இரும்பை இழுக்கிறான், அது கதறுகிறது, அவனுக்கு வியர்க்கிறது. அந்த வேலையே நாடகம்.

மேற்கு பெர்லினைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள முடியாது. கிழக்கு ஜெர்மனியின் நடுவில், நாற்புறமும் சுவர் சூழ்ந்த தீவு போன்ற பாதி நகரம் அது. அங்கே குடியிருந்தால் மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு. அதனால் ராணுவத்துக்குப் போக விரும்பாத இளைஞர்கள், கலைஞர்கள், ஊரில் பொருந்தாதவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். தொழிற்சாலைகள் வெளியேறிக்கொண்டிருந்தன. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யப்பட்ட வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. 1981 வாக்கில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் இளைஞர்கள் பூட்டை உடைத்துக் குடியேறியிருந்தார்கள். கையில் காசில்லை, ஆனால் இடம் இருந்தது, நேரம் இருந்தது, எங்கு பார்த்தாலும் இரும்பும் இடிபாடும் இருந்தன.

குழுவின் முகமாக ஆனவர் பிலிக்ஸா பார்கெல்ட். 1959இல் மேற்கு பெர்லினில் பிறந்தவர். இயற்பெயர் கிறிஸ்டியான் எம்மெரிச். 'பிலிக்ஸா' ஒரு ஸ்கெட்ச் பேனாவின் பிராண்டு. 'பார்கெல்ட்' என்றால் ஜெர்மனில் ரொக்கப்பணம். அதே பெயரை ஒத்த புனைபெயரில் 1920 வாக்கில் கொலோனில் ஒரு டாடா (மரபைக் கேலி செய்த கலை இயக்கம்) கலைஞர் இருந்தார், அவருக்கும் அது வணக்கம். கூட இருந்தவர் நியூயார்க்கில் பிறந்த ஆண்ட்ரூ சூடி. அவர் வைத்துக்கொண்ட பெயர் என்.யு. உன்ரூ. அமைதியின்மை என்ற பொருள் அதில் தொனிக்கும். முதல் நிகழ்ச்சியில் இன்னும் இருவர் இருந்தார்கள், குட்ரூன் குட், பெயாட்டெ பார்ட்டெல் என்ற இரண்டு பெண்கள். இருவரும் சீக்கிரமே விலகித் தங்கள் வழியில் போனார்கள். குட் அடுத்த ஆண்டே மலாரியா! என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். ஷோனெபெர்க் பகுதியில் ஐஸென்க்ரௌ (இரும்புச் சாம்பல் நிறம்) என்று ஒரு சிறு கடையை நடத்தியவர்களில் குட்டும் ஒருவர். கையால் பின்னிய உடைகள், கேசட்டுகள் விற்ற அந்தக் கடைதான் இந்த வட்டாரத்துக்கே திண்ணை மாதிரி. குழுவின் வரலாற்றை ஆண்களின் வரலாறாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தத் திண்ணையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு ஹாம்பர்கிலிருந்து, ஆப்வெர்ட்ஸ் என்ற பங்க் குழுவிலிருந்து, எஃப்.எம். ஐன்ஹைட்டும் மார்க் சுங்கும் வந்து சேர்ந்தார்கள். அலெக்ஸாண்டர் ஹாக்கெ 1965இல் பிறந்தவர், சேர்ந்தபோது பதின்ம வயதுப் பையன். பெர்லினின் பழைய ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஒன்றின் பெயரான போர்சிக் என்பதைத் தன் புனைபெயரில் சேர்த்துக்கொண்டிருந்தார். இந்த ஐவர்தான் 80களின் நொய்பௌடன்.

இரும்புக்கு எப்படிப் போனார்கள்? கொள்கை எல்லாம் பின்னால் வந்தது. முதலில் வந்தது வறுமை. உன்ரூ பணமுடையில் தன் டிரம் செட்டை விற்றுவிட்டார். அடுத்த நிகழ்ச்சிக்கு அடிக்க ஏதாவது வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும் கிடைத்த தகடு, குழாய், சுருள்வில், பீப்பாய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளக்கருவியாகக் கட்டினார். 1980 கோடையில் பார்கெல்டும் அவரும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே இருந்த வெற்றிடத்துக்குள் நுழைந்து, பாலத்தின் இரும்புச் சுவரையே அடித்து ஒரு கேசட்டைப் பதிவு செய்தார்கள். மேலே வண்டிகள் ஓடுகின்றன, கீழே இருட்டில் இரண்டு பேர். கருவியும் கச்சேரிக் கூடமும் ஒன்றாகிவிட்ட இடம் அது. பின்னாளில் அவர்கள் செய்த பெரிய காரியங்களின் விதை எல்லாம் அந்தப் பாலத்துக்குள் இருந்தது என்று நினைக்கிறேன்.

இங்கே கொஞ்சம் நின்று, தகரத்தை அடித்தால் ஏன் அது இசை போலக் கேட்பதில்லை என்று பார்க்கலாம். வீணைக் கம்பியை மீட்டினால் ஒரு அடிப்படை அதிர்வோடு சேர்ந்து அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேல் அதிர்வுகளும் எழும். முழு எண் மடங்குகளாக இருப்பதால் காது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சுரமாகக் கேட்கிறது. இரும்புத் தகட்டில் எழும் மேல் அதிர்வுகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டாத பல அதிர்வுகள் ஒரே நேரத்தில் மோதுகின்றன. காதால் ஒரு சுரத்தைப் பிடிக்க முடியவில்லை. கணார் என்று கேட்கிறது. சாதாரணத் தோலும் அப்படித்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கரணை என்ற கருப்புப் பூச்சைப் போடுவதே அந்த ஒழுங்கற்ற தோலைச் சுரத்துக்கு இணங்க வைக்கத்தான் என்று சி.வி. ராமன் 1920இலேயே ஆய்ந்து எழுதினார். தமிழில் இசை என்ற சொல்லுக்கே இணங்குதல், பொருந்துதல் என்ற பொருள் உண்டல்லவா? இசைய வைப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர்கள் உழைத்த உழைப்பின் மறுகோடியில் நின்றது நொய்பௌடன். இசையாத பொருளை இசையாததாகவே விட்டு, அதன் பேச்சைக் கேட்போம் என்றார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு கணார். ஒரு சுருள்வில்லை இழுத்துக் கட்டி கான்டாக்ட் மைக்கை (பொருளின் அதிர்வை நேரடியாக வாங்கும் மைக்) பொருத்தினால் எந்த பேஸ் கிட்டாரும் தராத ஆழம் கிடைத்தது. இதையெல்லாம் அடித்து அடித்துத் தேர்ந்தார்கள். கண்டதைப் போட்டு உடைப்பவன் இவ்வளவு பொறுமையாகத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

இந்த யோசனை அவர்களோடு பிறந்ததும் இல்லை. இத்தாலிய ஓவியர் லூய்ஜி ருஸ்ஸோலோ 1913இலேயே இரைச்சலின் கலை பற்றி ஓர் அறிக்கை எழுதி, உறுமவும் சீறவும் செய்யும் பெட்டிகளைச் செய்து மேடையேற்றினார். 1922இல் பாக்கூ துறைமுகத்தில் ஆர்சேனி அவ்ராமோவ் ஆலைச் சங்குகளையும் கப்பல் ஊதல்களையும் பீரங்கிகளையும் வைத்து ஒரு நகரத்தையே இசைக்கருவியாக்கினார். ஆனால் அவர்கள் இருவரும் இயந்திரத்தைக் கொண்டாடியவர்கள். வரப்போகும் யுகம் என்று அதை வரவேற்றவர்கள். நொய்பௌடன் கையில் எடுத்தது துருப்பிடித்த இயந்திரம். அந்த யுகம் வந்து, இரண்டு உலகப் போர்களை நடத்தி முடித்து, மிச்சத்தைத் தெருவோரம் போட்டுவிட்டுப் போயிருந்தது.

1981இல் ஹாம்பர்கின் ட்சிக்ட்சாக் நிறுவனம் வெளியிட்ட 'கொலாப்ஸ்' அவர்களின் முதல் முழு ஆல்பம். முதல்முறை அதைப் போட்டபோது ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், மறுநாள் மறுபடி போட்டேன். அதில் ஒரு பாட்டின் தலைப்பே 'வலியோடு கேள்' என்ற பொருளில் இருக்கிறது. அட்டைப்படம் தனியாகச் சொல்லத் தகுந்தது. பிங்க் ஃபிளாய்டு 1969இல் வெளியிட்ட 'உம்மகும்மா' ஆல்பத்தின் பின்னட்டையில் தங்கள் விலையுயர்ந்த கருவிகளை எல்லாம் விமான ஓடுதளத்தில் அழகாகப் பரப்பி வைத்துப் படமெடுத்திருப்பார்கள். நொய்பௌடன் அதே பாணியில் தங்கள் கோடரி, சுத்தியல், தகடு, குழாய்களைப் பரப்பி வைத்துப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரியும் கட்டடம் 1936இல் ஹிட்லர் ஒலிம்பிக் நடத்திய அரங்கம். ராக் இசையின் ஆடம்பரத்துக்கும் தங்கள் நாட்டின் பாவத்துக்கும் ஒரே படத்தில் பதில் சொல்லிவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று டெம்போட்ரோம் என்ற கூடாரத்தில் 'மேதைமை மிக்க அரைகுறைகள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு விழா நடந்தது. ஜெர்மன் தலைப்பே எழுத்துப்பிழையோடு அச்சாகி, அந்தப் பிழையோடே வரலாற்றில் நிலைத்துவிட்டது. சங்கீதம் கற்காதவர்கள், சினிமா படிக்காதவர்கள், ஓவியப் பள்ளியை விட்டு ஓடியவர்கள் எல்லோரும் கூடிய இடம். நன்றாகச் செய்யத் தெரிந்திருப்பது ஒரு சிறையாகிவிடும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த ஆல்பத்துக்கு, ஆஸ்திரியாவின் குகிங் மனநலக் காப்பகத்தில் வாழ்ந்த ஓவியர் ஓஸ்வால்ட் ட்சிர்ட்னரைச் சுட்டி, 'நோயாளி ஓ.டி.யின் சித்திரங்கள்' என்று தலைப்பு வைத்ததும் அந்த நம்பிக்கையால்தான்.

இனி அந்தப் பிரபலமான லண்டன் இரவு.

1984 ஜனவரி 3. பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகும் மால் சாலையில் உள்ள சமகாலக் கலை நிறுவனத்தின் அரங்கம். 1976இல் த்ராபிங் கிரிசில் என்ற குழு ஒரு கண்காட்சியோடு அறிமுகமாகி, நாடாளுமன்றம் வரை பேச்சைக் கிளப்பிய அதே இடம். இப்போது 'குரலுக்கும் இயந்திரத்துக்குமான கான்செர்ட்டோ' என்ற தலைப்பில் ஒரு நிகழ்ச்சி. சுங், ஐன்ஹைட், ஹாக்கெ ஆகியோரோடு த்ராபிங் கிரிசிலின் ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜும், ஃபேட் கேட்ஜெட் என்ற பெயரில் பாடிய ஃபிராங்க் டோவியும் சேர்ந்துகொண்டார்கள். மேடையில் கான்கிரீட் கலவை இயந்திரம், ஜாக்ஹாமர், மின்ரம்பம். தீப்பொறி பறந்தது, புழுதி எழுந்தது, மேடைப்பலகை பிளந்தது. தரையைத் துளைத்து அடியில் இருக்கும் சுரங்கப்பாதைகளுக்குள் இறங்கப் போகிறார்கள் என்று பேச்சு. அரைமணி நேரம் ஆவதற்குள் நிர்வாகம் நிறுத்தியது. கூட்டம் விடவில்லை. கருவிகளைப் பிடுங்கிக்கொண்டு தாங்களே உடைக்கத் தொடங்கினார்கள், ஊழியர்களோடு இழுபறி நடந்தது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காதது: பார்கெல்ட் அன்றைய மேடையில் ஒரு பாத்திரமாகவே இல்லை. அன்றைய நிகழ்ச்சி வழக்கமான நொய்பௌடன் கச்சேரியும் இல்லை. தலைப்பு வைத்து, ஆட்களைச் சேர்த்து, கருவிகளைத் திரட்டி அமைத்த ஒரு நிகழ்த்துகலைப் படைப்பு. அது படைப்பாக இருந்த பகுதி எங்கே முடிந்தது, கலவரமாக மாறிய பகுதி எங்கே தொடங்கியது என்று இன்றுவரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். 2007 பிப்ரவரியில் ஜோ மிட்செல் என்ற கலைஞர் அதே அரங்கில் அந்த இரவை மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். நினைவுகளையும் ஆவணங்களையும் தொகுத்து, நடிகர்களை வைத்து, கலவரத்தையும் ஒத்திகை பார்த்து. ஒரு கச்சேரியை நாடகப் பிரதியாக்கி மறுபடி மேடையேற்ற முடிந்தது என்றால், முதலிலேயே அது எவ்வளவு நாடகமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே 1984 மார்ச்சில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், இயந்திரங்களை மோதவிட்டு வெடிக்கவைக்கும் ஒரு கலைக்குழுவோடு சேர்ந்து வெட்டவெளியில் நிகழ்த்தினார்கள். சுவரே இல்லாத இடத்தில் இடிக்க எதுவும் இல்லை. சுற்றிலும் மலைப்பாறையும் மணலும்தான்.

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். இவர்களின் கச்சேரியைப் பார்த்துத் தாக்கம் பெற்றவர்களில் டெபேஷ் மோட் என்ற ஆங்கிலேய பாப் குழுவின் மார்ட்டின் கோர் ஒருவர். 1983இல் அவர்கள் வெளியிட்ட 'கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெய்ன்' ஆல்பத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தின் இரும்புச் சத்தங்களைச் சாம்ப்ளரில் (ஓசையைப் பதிந்து திரும்ப வாசிக்க உதவும் மின்கருவி) பதிந்து, விசைப்பலகையில் வாசித்தார்கள். மெட்டோடு கூடிய நல்ல பாட்டுகள், உலகமெங்கும் ஓடின. அங்கிருந்து இரும்புச் சத்தம் பாப் இசையின் பொதுச்சொத்தானது. ஆனால் சாம்ப்ளரில் ஒரு விரலால் தொட்டால் போதும். இரும்பைத் தூக்கியவன் மறைந்துபோகிறான். நொய்பௌடன் மேடையில் பிடிவாதமாகக் காட்டி வந்த விஷயம், ஓசைக்கு ஓர் உடம்பு உண்டு, ஓர் எடை உண்டு என்பது, அந்த இடத்தில் உதிர்ந்துபோனது. டெபேஷ் மோடைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே இரும்பு, ஒரே அடி. ஆனால் அடிப்பவன் கண்ணுக்குத் தெரிகிறானா இல்லையா என்பதில் அது இரண்டு வேறு கலைகளாகிவிடுகிறது.

1985இல் 'ஹால்பர் மென்ஷ்' வந்தது. 'பாதி மனிதன்' என்று பொருள். அதன் தலைப்புப் பாட்டில் இரும்பே கிடையாது. மனிதக் குரல்கள் மட்டும், அடுக்கடுக்கான கோரஸ். ஐந்து ஆண்டுக்குள் அவர்கள் இரும்பைக் கீழே வைக்கக் கற்றுவிட்டார்கள் என்பது அன்றைக்கு எத்தனை பேருக்குப் புரிந்ததோ தெரியாது. அந்தச் சமயத்தில் ஜப்பானிய இயக்குநர் சோகோ இஷீ, கைவிடப்பட்ட ஓர் ஆலைக்குள் அவர்களை வைத்து அதே தலைப்பில் படமெடுத்தார். பியாக்கோஷா என்ற புட்டோ நடனக் குழுவும் அதில் உண்டு. புட்டோ, போரில் தோற்ற ஜப்பானில் 50களின் முடிவில் பிறந்த நடனம். வெள்ளை பூசிய உடல், வலிப்பு வந்தது போன்ற மெல்லிய அசைவு, அழகை மறுக்கும் அழகு. எரிந்த இரண்டு நாடுகளின் பிள்ளைகள் ஒரு துருப்பிடித்த கூடத்தில் சந்தித்துக்கொண்ட படம் அது. பார்க்கும்போது மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

நாடக உலகம் அவர்களை நேரடியாகவே அழைத்தது. 1987இல் ஹாம்பர்கின் பெரிய அரங்கில் பீட்டர் ட்சாடெக் இயக்கிய 'ஆண்டி' (ஒருவரின் பெயர்) நாடகத்தில் மேடையிலேயே இருந்து வாசித்தார்கள். அதைவிட முக்கியமானது ஹைனர் முல்லருடனான உறவு. கிழக்கு ஜெர்மனியின் மிகப் பெரிய நாடகாசிரியர் அவர். 1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 21 அன்று, கிழக்கு பெர்லினின் லிக்டென்பெர்க் பகுதியில் எலெக்ட்ரோகோலெ என்ற அரசுத் தொழிற்சாலையின் கூடத்தில் நொய்பௌடன் முதல்முறையாக வாசித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கள்ளக் கேசட்டில் மட்டுமே கேட்டவர்கள் நேரில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, மறையப்போகும் கிழக்கு ஜெர்மன் வானொலிக்காக முல்லரின் 'ஹாம்லெட் இயந்திரம்' பிரதியை வானொலி நாடகமாக்கினார்கள். பார்கெல்ட் ஹாம்லெட், முதல் நாள் மேடையில் இருந்த குட்ரூன் குட் ஒஃபீலியா, மேடைக் குறிப்புகளைப் படித்தது முல்லரின் சொந்தக் குரல். கண்ணால் பார்க்க எதுவுமில்லாத வானொலியில் ஒரு நாடகக்காரர் மேடைக் குறிப்பை வாசிக்கிறார், பின்னால் ஒரு குழு அதை ஓசையால் கட்டுகிறது. ஒரு நாடு வானலையிலேயே கலைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை.

பார்கெல்ட் இதற்கிடையே 1983 முதல் 2003 வரை ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவின் பேட் சீட்ஸ் குழுவில் கிட்டார் வாசித்தார். பலர் அவரை அறிந்தது அந்த வழியாகத்தான்.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. கூட்டம் துளைப்பானுக்காக வரத் தொடங்கியிருந்தது. தீ எப்போது, ரம்பம் எப்போது என்று காத்திருக்கும் பார்வையாளர்கள் எந்தக் கலைஞனையும் சர்க்கஸ்காரனாக்கிவிடுவார்கள். அந்த ஆபத்து மெய்யாகவே இருந்தது. 80களின் நடுவில் பதிவான சில கச்சேரிகளில் அதன் சாயலும் தெரிகிறது. 1994இல் சுங் விலகினார். அடுத்து, எந்த உலோகத்திலிருந்தும் ஓசையைக் கறக்கத் தெரிந்த ஐன்ஹைட்டும் போய்விட்டார். இது பெரிய இழப்பு. அவருடைய தாளத்தில் இருந்த உடல்பலம் அதன் பிறகு திரும்பி வரவேயில்லை. 1996இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'எண்டெ நொய்'. முடிவு, புதிது. குழுவின் பெயரில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்களின் வாலும் தலையும் சேர்ந்து அந்தத் தலைப்பு கிடைக்கிறது. யோகென் ஆர்பைட்டும் ருடோல்ஃப் மோசரும் புதிதாக வந்தார்கள்.

2000இல் வந்த ஆல்பம் மௌனத்தைத் தலைப்பிலேயே வைத்தது. தலைப்புப் பாட்டில் நீண்ட இடைவெளிகள் உண்டு, சிகரெட்டை உள்ளிழுக்கும் சத்தம் ஒரு கருவியாக வருகிறது. பழைய ரசிகர்கள் சிலர் கிழடு தட்டிவிட்டது என்றார்கள். எனக்கு அது பாலத்துக்குள் தொடங்கிய வேலையின் நேர்க்கோடாகவே தெரிகிறது. இரும்பைக் காது கொடுத்துக் கேட்டவன் ஒரு நாள் மூச்சையும் கேட்பான்.

பணத்துக்கு அவர்கள் கண்ட வழியும் சொல்லத் தகுந்தது. 2002இல் இசை நிறுவனத்தை நம்பாமல், ரசிகர்களிடமே முன்பணம் பெற்று வேலை செய்யும் ஏற்பாட்டை இணையத்தில் தொடங்கினார்கள். பணம் கட்டியவர்கள் ஸ்டுடியோவில் நடப்பதை கேமரா வழியாக நேரலையில் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம், சிறப்பு ஆல்பத்தைப் பெறலாம். மக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009இல், ஏழு ஆண்டுக்குப் பிறகு. இதிலும் அதே குணம் தெரிகிறது: ஓசை எப்படி உருவாகிறது என்பதை மறைக்காமல் திறந்து காட்டுவது.

அந்த ஆதரவாளர்கள் கூடிய இடம்தான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. பெர்லினின் நடுவில் 1976இல் கிழக்கு ஜெர்மனி கட்டிய குடியரசு மாளிகை இருந்தது. நாடாளுமன்றமும் அதற்குள், மக்களுக்கான உணவகமும் நடன அரங்கும் அதற்குள். செம்பழுப்புக் கண்ணாடி முகப்பு, நூற்றுக்கணக்கான விளக்குகள். நாடே இல்லாமல் போவதற்குச் சில நாள் முன், 1990 செப்டம்பரில், ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சொல்லி மூடினார்கள். ஆஸ்பெஸ்டாஸை உரித்தெடுத்தபோது பளிங்கும் விளக்குகளும் உள்கூரையும் எல்லாம் போய், துருவேறிய எஃகுச் சட்டகம் மட்டும் எலும்புக்கூடாக நின்றது. இடிப்பது என்று முடிவாகிவிட்டது. 2004 நவம்பரில், அந்தச் சட்டகத்துக்குள் நொய்பௌடன் வாசித்தது.

'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்ற குழு, இடிக்கப்படப் போகும் ஒரு புதுக் கட்டடத்துக்குள். இருபத்து நான்கு ஆண்டு கழித்துப் பெயர் தன் இடத்தை வந்து அடைந்தது. அவர்கள் அன்று எதையும் இடிக்கவில்லை. கட்டடத்தையே கருவியாக எடுத்துக்கொண்டார்கள். ஆதரவாளர்களிலிருந்து திரட்டிய ஒரு பெரிய கோரஸ் கூடவே பாடியது. அந்தப் பதிவைப் பார்க்கும்போது கோபம் எங்கும் தெரியவில்லை. மரணப் படுக்கையில் இருக்கும் ஒருவரின் கையைப் பிடித்துப் பேசுவது போல, அவ்வளவு இதமாகத் தூண்களைத் தட்டுகிறார்கள். 2006 முதல் 2008 வரை அந்த மாளிகையைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்தார்கள். இன்று அந்த இடத்தில் பழைய பிரஷ்ய அரண்மனையின் முகப்பைப் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆல்ட்பௌ வேடம் போட்ட நொய்பௌ.

அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. 2007இல் நிறுவனமே இல்லாமல் ஓர் ஆல்பம், 2020இல் பெர்லினைப் பற்றிய ஓர் ஆல்பம், 2024இல் மேடையில் திட்டமிடாமல் வாசித்தவற்றிலிருந்து எடுத்து வளர்த்த இன்னொன்று. இவற்றுக்கிடையே 2014இல் செய்ததுதான் அவர்களின் நாடகக் கலை முழுமையாகக் கூடிவந்த இடம்.

முதல் உலகப் போர் தொடங்கி நூறு ஆண்டு ஆனதை நினைவுகூர, பெல்ஜியத்தில் போர்முனையாக இருந்து அழிந்த டிக்ஸ்முய்டே என்ற ஃபிளாண்டர்ஸ் நகரம் நொய்பௌடனிடம் ஒரு படைப்பைக் கேட்டது. ஜெர்மன் குழுவிடம். அவர்கள் மாதக்கணக்கில் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தார்கள். ஜெர்மன் பேரரசரும் ரஷ்யப் பேரரசரும், தூரத்து உறவினர்கள், போருக்கு முந்தைய நாட்களில் வில்லி என்றும் நிக்கி என்றும் கையெழுத்திட்டு அனுப்பிக்கொண்ட தந்திகளைப் பாட்டாக்கினார்கள். ஒரே மெட்டில் பகைநாடுகள் பாடிய தேசிய கீதங்களைப் பின்னினார்கள். முள்கம்பியை இழுத்துக் கட்டி யாழாக வாசித்தார்கள். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்திலிருந்து, ஜெர்மன் சிறைமுகாம்களில் போர்க்கைதிகளின் குரலை மொழி ஆய்வுக்காகப் பதிந்த பழைய பதிவுகளை எடுத்தார்கள். ஊதாரி மகனின் கதையைக் கைதிகள் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் சொல்லும் பதிவுகள் அவை. பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கடல் கடந்து போய்ப் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களின் குரல்களும் அந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் மகனின் கதையை, வீடு திரும்புவோமா என்று தெரியாதவர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் படைப்பின் நடுவே ஒரு தாளப் பகுதி உண்டு. பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழாயும் போரில் இறங்கிய ஒரு நாடு. ஒவ்வொரு அடியும் ஒரு நாள். நிமிடத்துக்கு 120 அடி. 1914 ஜூலை 28 முதல் 1918 நவம்பர் 11 வரை 1,568 நாட்கள், ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம். ஒரு நாடு போருக்குள் வரும்போது அதன் குழாய் சேர்ந்துகொள்கிறது, விலகும்போது நின்றுவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு மேடையில் தெரிவது சில மனிதர்கள் குழாய் தட்டுவது மட்டும்தான். தீ இல்லை, துளைப்பான் இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே மாதிரிக் குழாய்கள். கேட்கக் கேட்க, முதலில் இரண்டு மூன்றாக இருந்தது தடிக்கிறது, துள்ளுகிறது, காலால் தாளம் போடத் தோன்றுகிறது. தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தட்டும் எத்தனை ஆயிரம் பேர் செத்த ஒரு நாள் என்பது நினைவுக்கு வந்து கால் நின்றுவிடுகிறது. கடைசி ஆண்டில் குழாய்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.